செங்கல் மாளிகையின் மறுவாழ்வு: டவ்டன் இல்லமும் செங்கல்பட்டுச் சீமையும்

1. முன்னுரை

திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் கடந்த முப்பது ஆண்டுகளாக நிகழ்ந்துவரும் மாற்றத்தை, அப்பக்கத்துச் சேகரங்களில் ஊழியம் செய்வோர் நன்கு அறிவர். 1996ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதன்பின் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள் ஒவ்வொன்றாகத் தொழிற்பேட்டைகளாயின. நிலம் மாறியதோடு வீடுகளும் மாறின. ஒரு குடும்பம் வாழ்ந்த மாடி வீடு, வெளி மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த பெண்களின் விடுதியாகிறது. திருமண மண்டபம் படுக்கைக் கூடமாகிறது. கடைக்கென எழுப்பிய கூடத்தில் ஞாயிறுதோறும் சபை கூடுகிறது. ஒரு பயனுக்காகக் கட்டிய கட்டடத்தை வேறொரு பயனுக்குத் திருப்புவது இங்கு அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது.

இவ்வாறு திருப்பும்போது நாம் கேட்கவேண்டிய கேள்விகள் யாவை? புதிய வாடகை எவ்வளவு, எத்தனை பேர் அடங்குவர் என்பவை மட்டும் போதுமா? இவ்வினாக்களுக்கு விடை காண, நூறாண்டுக்கு முன் நிகழ்ந்த ஒரு மாற்றத்தை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். சென்னை நுங்கம்பாக்கத்தில், கூவம் ஆற்றின் கரையில் உள்ள டவ்டன் இல்லம் என்னும் ஜார்ஜியக் காலத்துச் செங்கல் மாளிகை, 1916ஆம் ஆண்டில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியின் இல்லமாயிற்று. சென்னையில் உள்ள மாளிகைக்கும் திருப்பெரும்புதூர் வயல்களுக்கும் என்ன தொடர்பு என வாசகர் வியக்கலாம். அத்தொடர்பு நெருங்கியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

2. ஜார்ஜியப் பாணி என்பது யாது?

1714 முதல் 1830 வரை இங்கிலாந்தை அடுத்தடுத்து ஆண்ட நான்கு ஜார்ஜ் மன்னர்களின் காலத்துக் கட்டடக் கலையே ஜார்ஜியப் பாணி எனப்படுகிறது. இதன் வேர் அதற்கும் முந்தியது. 1666ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரைப் பெருந்தீ அழித்தது. அதன்பின் எழும் வீடுகளின் புறச்சுவர்கள் செங்கல்லாலோ கருங்கல்லாலோ அமையவேண்டும் எனச் சட்டம் விதித்தது. மரச்சட்டங்களின் வழியே தீ பரவாதிருக்க, சன்னல் சட்டங்களைச் சுவரின் முகப்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி வைக்கவேண்டும் என்ற விதி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. 1774ஆம் ஆண்டுச் சட்டம் வீடுகளை அவற்றின் மதிப்பையும் பரப்பையும் கொண்டு நான்கு தரங்களாக வகுத்து, ஒவ்வொரு தரத்துக்கும் சுவரின் கனத்தை வரையறுத்தது. நாம் இன்று அழகெனப் போற்றும் அடக்கமான செங்கல் முகப்பு, ஓரளவுக்குத் தீயைக் குறித்த அச்சத்தில் பிறந்ததே.

இவ்வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நின்றன. தெருவை நோக்கிய முகப்பு குறுகியது. ஒவ்வொரு மாடியிலும் இரண்டு அல்லது மூன்று சன்னல்களே இருந்தன. அலங்காரம் குறைவு, அழகு முழுவதும் அளவில் அடங்கியிருந்தது. பண்டைய உரோமரின் கட்டடங்களை ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் பல்லாடியோவின் விகிதக் கணக்குகளை இங்கிலாந்துக் கட்டடக் கலைஞர் பின்பற்றினர்.

இங்கு நாம் கருத்தூன்றிக் காணவேண்டியது சன்னல்களின் உயரமாகும். விருந்தினரை வரவேற்கும் பெரிய கூடம் முதல் மாடியில் இருந்தமையால், அம்மாடியின் சன்னல்களே மிக உயரமானவை. அதற்கு மேல் செல்லச் செல்ல அவை குறுகும். உச்சியில், கூரையின் அடியில் உள்ள சிற்றறையின் சன்னல் மிகச் சிறியது. பணிப்பெண்கள் அங்கே உறங்கினர். சமையலறை தெரு மட்டத்துக்குக் கீழே நிலவறையில் இருந்தது. ஆகவே, அவ்வீட்டின் முகப்பை வாசிக்கத் தெரிந்தவர் அவ்வீட்டாரின் படிநிலையையும் வாசித்துவிடலாம். எவருக்கு எவ்வளவு வெளிச்சம், எவருக்கு எவ்வளவு காற்று என்பது செங்கல்லில் எழுதப்பட்டிருந்தது.

3. கோட்டை வீடும் தோட்ட வீடும்

இப்பாணி சென்னைக்கு வந்தபோது முதலில் கோட்டைக்குள் அடங்கியிருந்தது. புனித ஜார்ஜ் கோட்டையின் மதிலுக்குள் இடம் குறைவு. எனவே இலண்டன் தெருக்களைப் போலவே இங்கும் வீடுகள் நெருக்கமாகவும் உயரமாகவும் எழுந்தன. அவற்றுள் எஞ்சியவற்றில் புகழ்பெற்றது அட்மிரால்டி இல்லம். ஆர்மீனிய வணிகர் ஒருவருக்கு உரியதாயிருந்த இவ்வீட்டில், 1753ஆம் ஆண்டில் கோட்டையின் புனித மரியாள் ஆலயத்தில் மணம் முடித்த இராபர்ட் கிளைவ் வாழ்ந்தமையால், இதனைக் கிளைவ் இல்லம் என்றும் அழைப்பர். வணிகரின் வீடு அதிகாரியின் இல்லமாகி, பின்னர் அரசு அலுவலகமாகி, இன்று தொல்லியல் துறையின் பயன்பாட்டில் உள்ளது. சென்னையின் நகர வீடு ஒன்று பயன் மாறியதற்கு இது தக்க சான்றாகும்.

1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகை முறியடிக்கப்பட்டது. 1761இல் புதுச்சேரி வீழ்ந்தது. கடலோரப் போரின் அச்சம் தணிந்ததும், கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும் கோட்டைக்கு வெளியே, பிற்காலத்தில் மவுண்ட் ரோடு என வழங்கிய சாலையின் இருமருங்கிலும், கூவம், அடையாறு ஆகிய ஆறுகளின் கரைகளிலும் விரிந்த தோட்டங்களின் நடுவே மாளிகைகள் எழுப்பினர். இவையே தோட்ட வீடுகள் எனப்பட்டன. 1799ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவை மேலும் பெருகின.

இலண்டன் வீட்டின் இலக்கணம் இங்கே வெயிலுக்கும் மழைக்கும் ஏற்பத் திருத்தப்பட்டது. முதலாவதாக, ஒட்டிய சுவர்கள் மறைந்து நான்கு பக்கமும் திறந்த வீடு வந்தது. இரண்டாவதாக, சுவரின்மீது நேரே வெயில் படாதிருக்கத் தூண்கள் தாங்கிய தாழ்வாரம் சேர்ந்தது. உரோமக் கோயிலின் தூண் இங்கே நிழல் தரும் கருவியாயிற்று. மூன்றாவதாக, வெப்பக் காற்று மேலேறித் தங்குமாறு கூரை உயர்த்தப்பட்டது. நான்காவதாக, கண்ணாடிச் சன்னலோடு, காற்றை விட்டு வெயிலைத் தடுக்கும் சாய்பலகைக் கதவுகள் பொருத்தப்பட்டன. கோடையில் வெட்டிவேர்த் தட்டிகளைத் தொங்கவிட்டு அவற்றின்மேல் நீர் தெளிப்பர்; உட்புறம் பங்கா ஆடும். வீட்டார் மேல்மாடியில் வாழ்ந்தனர். கீழ்த்தளம் பெரும்பாலும் சரக்கறையாகவும் அலுவல் அறையாகவும் இருந்தது. சமையலறையும் பணியாளர் குடில்களும் மாளிகைக்குப் பின்னே தனியே நின்றன.

இலண்டனில் பணிப்பெண் கூரையடியில் உறங்கினாள். சென்னையில் பணியாளர் மாளிகைக்கு வெளியே உறங்கினர். பங்காவின் கயிற்றை இழுத்தவருக்கு அக்காற்றில் பங்கில்லை. பாணி மாறியது, படிநிலை மாறவில்லை.

4. சுவரும் தளமும்

இம்மாளிகைகளின் வடிவம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஆனால் அவற்றை நிற்கச் செய்த பொருளும் திறனும் இம்மண்ணுக்கு உரியவை. இலண்டன் வீடு தன் செங்கல்லை வெளியே காட்டியது. சென்னை வீடு அதனைச் சுண்ணாம்புக் காரையால் மூடியது. ஏரிப்படுகையிலும் வயலிலும் எடுத்த களிமண்ணை அறுத்துச் சூளையிட்ட நாட்டுச் செங்கல், இலண்டன் செங்கல்லைவிட மெல்லியது. மழை நீரை எளிதில் உறிஞ்சுவது. எனவே காரைப்பூச்சு இங்கு அலங்காரமன்று, பாதுகாப்பாகும்.

கடற்கரைக் கழிகளில் கிடைத்த கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பே சென்னைக் காரையின் உயிர். அதனை மணலோடு அரைத்து, வெல்ல நீரும் கடுக்காய் நீரும் கலந்து புளிக்க வைப்பர். பல அடுக்குகளாகப் பூசி, இறுதி அடுக்குக்கு நீற்றிய சுண்ணாம்பை வெண்ணெய்போல் அரைத்து, முட்டையின் வெண்கருவும் தயிரும் சேர்ப்பதுண்டு. பின்னர் வழவழப்பான கல்லால் நாட்கணக்கில் தேய்ப்பர். அவ்வாறு தேய்த்த சுவரும் தூணும் சலவைக்கல் போலவே ஒளிர்ந்தன என அக்காலத்தில் சென்னைக்கு வந்த ஐரோப்பியப் பயணியர் வியந்து எழுதினர். அவர்கள் சலவைக்கல் எனக் கருதியது கிளிஞ்சலும் கொத்தர்களின் கைவேலையுமே.

தளத்தின் அமைப்பு இன்னும் கருதத்தக்கது. மெட்ராஸ் டெரஸ் என்று கட்டடத் துறையார் இன்றும் வழங்கும் இத்தளத்தில், சுவர்களின்மேல் தேக்கு உத்திரங்களும் அவற்றின்மேல் சிறு விட்டங்களும் கிடத்தப்படும். அவற்றின்மேல் மெல்லிய அச்சுக்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டாக அடுக்குவர். ஒவ்வொரு கல்லும் தன் பக்கத்துக் கல்லைப் பற்றி நிற்பதால், கீழே பலகை தேவைப்படுவதில்லை. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் பல நாட்கள் தட்டி இறுகச் செய்வர். கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்துத் தட்டத் தட்டக் கலவை நீர் புகாத கல்லாகிவிடும். மேலே தட்டோடு பதிப்பதுடன் வேலை முடியும்.

மாளிகையின் வரலாற்றில் உரிமையாளரின் பெயர் நிற்கிறது. வரைபடம் எழுதிய பொறியாளரின் பெயரும் சில இடங்களில் நிற்கிறது. புனித அந்திரேயா ஆலயத்தை 1821இல் கட்டி முடித்த பொறியாளர் தெ ஹாவிலாண்டின் பெயரை நாம் அறிவோம். ஆனால் அவ்வாலயத்தைத் தாங்கும் கிணற்று அடித்தளம் தென்னிந்தியர் நெடுங்காலமாக அறிந்திருந்த உறைகிணற்று நுட்பமாகும். தளத்தைத் தட்டிய பெண்களின் பெயரை எந்தக் கல்வெட்டும் கூறவில்லை.

5. மாளிகைகளுக்குப் பணம் வந்த வழி

இனி நாம் திருப்பெரும்புதூர்ப் பக்கம் திரும்புவோம். 1763ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, தமக்குக் கம்பெனி செய்த படை உதவிக்கு ஈடாகச் சென்னையைச் சூழ்ந்த செங்கல்பட்டுச் சீமையை அதற்கு ஜாகீராக வழங்கினார். 1765இல் முகலாயப் பேரரசரின் ஆணை அதனை உறுதிசெய்தது. இன்று தொழிற்சாலைகள் நிற்கும் ஊர்கள் அச்சீமையில் அடங்கியவை. கம்பெனி அதனை 1780 வரை நவாபுக்கே குத்தகைக்கு விட்டிருந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் இச்சீமையை ஊர் ஊராக அளந்து, நிலம், ஏரி, குடி, பங்கு ஆகியவற்றைப் பதிவுசெய்தார்.

இதே காலத்தில் நவாப் கடனில் மூழ்கினார். கடன் கொடுத்தவர்களுள் பலர் கம்பெனியின் ஊழியர்களே. கூலிக்குப் பணியாற்ற வந்தவர்கள் மிகுந்த வட்டிக்குக் கடன் கொடுத்துச் செல்வராயினர். அவர்களுள் பால் பென்ஃபீல்டின் பெயர் மிகவும் அறியப்பட்டது. கடனுக்கு ஈடாக நவாப் காட்டியது நாட்டின் நிலவரி வருவாயாகும். வட்டி உயர்ந்தபோது வரி இறுகியது; வரி இறுகியபோது உழுதவர் களத்தில் எஞ்சியது குறைந்தது. 1780இல் ஐதர் அலியின் படையெடுப்பில் இச்சீமை பாழாயிற்று. 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் பாராளுமன்றத்தில் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைக் குறித்து ஆற்றிய நீண்ட உரை, இக்கொடுமையை இங்கிலாந்தின் முன் வைத்தது. எனினும், அக்கடன்களை நாட்டின் வருவாயிலிருந்து தீர்க்கும் ஏற்பாட்டை அவ்வுரை தடுக்கவில்லை.

சென்னையின் தோட்ட வீடுகள் பெருகிய காலமும் இதுவே. கம்பெனி அதிகாரிகளின் சம்பளம் மட்டும் அம்மாளிகைகளை எழுப்பவில்லை. வணிகம், ஒப்பந்தம், வட்டி எனப் பல வழிகளில் வந்த செல்வத்தின் அடியில், நெல் விளைவித்த ஊர்களின் வருவாய் இருந்தது. அவ்வூர்களிலும் சுமை ஒரே அளவாக விழவில்லை. மிராசுதாரர்களுக்குக் கீழே, நிலவுரிமையின்றிப் பண்ணையாட்களாக உழைத்த ஒடுக்கப்பட்ட மக்களே கடைசிப் படியில் நின்றனர். நூறாண்டுக்குப் பின், 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் எழுதிய அறிக்கை அம்மக்களின் நிலையை விரித்துரைத்தது. 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. அதற்காகக் குரல் எழுப்பியோருள் திருவள்ளூரில் பணியாற்றிய வெஸ்லியன் ஊழியர் வில்லியம் கௌடியும், செங்கல்பட்டில் பணியாற்றிய ஸ்காத்லாந்து மிஷன் ஊழியர் ஆடம் ஆண்ட்ருவும் உண்டு. ஆண்ட்ரு அம்மக்களுக்கென ஏற்படுத்திய குடியேற்ற ஊராகிய மெல்ரோசாபுரம், சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஒரகடம் செல்லும் பக்கத்தில் இன்றும் உள்ளது.

6. டவ்டன் இல்லம்

இப்பின்னணியில் டவ்டன் இல்லத்தின் கதையைக் காண்போம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், 1798ஆம் ஆண்டளவில், பெஞ்சமின் ரோபக் என்னும் கம்பெனி அதிகாரி இதனைக் கட்டியதாகக் கூறுவர். பின்னர் இது லெப்டினன்ட் ஜெனரல் ஜான் டவ்டனின் உடைமையாகி அவர் பெயரைப் பெற்றது. தூண்கள் தாங்கிய முகப்பும், வெண்காரை பூசிய சுவர்களும், உயர்ந்த கூடங்களும் கொண்டு தோட்ட வீட்டின் இலக்கணத்தில் அமைந்தது இம்மாளிகை. 1875ஆம் ஆண்டில் பரோடாவின் அரசர் மல்ஹர் ராவ் கெய்க்வாட் அரியணையிலிருந்து நீக்கப்பட்டுச் சென்னைக்கு அனுப்பப்பட்டபோது, இம்மாளிகையில் காவலில் வைக்கப்பட்டார். ஆளும் வகுப்பாரின் இன்ப இல்லம் அரசர் ஒருவருக்குச் சிறையாயிற்று. சுவர் மாறவில்லை, கதவைத் திறக்கவும் மூடவும் உரிமை பெற்றவர் மாறினார்.

1915ஆம் ஆண்டு ஜூலையில், இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் பன்னிரண்டு மிஷன் சங்கங்கள் கூடிப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியைத் தொடங்கின. எலினார் மக்டூகல் முதல் முதல்வர். கீழ்ப்பாக்கத்தில் ஹைட் பார்க் என்னும் வாடகை வீட்டில், 41 மாணவிகளோடும் 7 ஆசிரியைகளோடும் பணி தொடங்கிற்று. மறு ஆண்டில் கல்லூரி டவ்டன் இல்லத்துக்கு இடம்பெயர்ந்தது. ஏறக்குறைய இதே வேளையில், 1914இல், அரசு தொடங்கிய பெண்கள் கல்லூரியும் கடற்கரையில் காப்பர் இல்லம் என்ற பழைய மாளிகையிலேயே அமைந்தது. அதுவே பிற்கால இராணி மேரிக் கல்லூரி. சென்னையில் பெண்களின் உயர்கல்வி புதிய கட்டடங்களில் அன்று, பிறருக்காகக் கட்டிய பழைய வீடுகளிலேயே பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இம்மாற்றத்தின் பொருளை உணர, அவ்வீட்டின் பழைய அளவுகளை நினைவுகூர வேண்டும். உயர்ந்த கூரையும் அகன்ற தாழ்வாரமும் ஒரு குடும்பத்தாரின் வசதிக்காக அளக்கப்பட்டவை. இந்நாட்டுப் பெண் அவ்வீட்டுக்குள் நுழைந்திருந்தால் பெரும்பாலும் ஆயாவாகவோ பணிப்பெண்ணாகவோ நுழைந்திருப்பாள். 1916இல் இந்நாட்டுப் பெண்கள் முன்வாயில் வழியே மாணவிகளாக நுழைந்தனர். கூடம் அதே கூடம். காற்று அதே காற்று. அது இப்போது எவருக்கு உரியது என்பதே மாறியது.

மேலும் ஒன்றை நோக்கவேண்டும். கல்லூரி வளர்ந்தபோது எல்லாத் தேவைகளையும் அந்த ஒரே மாளிகைக்குள் திணிக்கவில்லை. தோட்டத்தில் தனித்தனிக் கட்டடங்கள் எழுந்தன. சிற்றாலயம் 1923இல் அமைந்தது. பழைய மாளிகை தன் வடிவம் சிதையாமல் கல்லூரியின் அலுவலகப் பகுதியாக நிற்கிறது. காப்பர் இல்லமோ இன்று இல்லை. சிதைந்து வீழும் நிலையை அடைந்து அகற்றப்பட்டுவிட்டது. பழைய வீட்டைப் பெறுவது எளிது; அதனைப் பேணுவதற்குத் தலைமுறை தலைமுறையாகப் பொறுப்பு வேண்டும்.

7. மாற்றத்தை அளக்கும் கோல்

வீட்டை வேறு பயனுக்குத் திருப்புவது திருச்சபைக்குப் புதிதன்று. ஐபிராத்து ஆற்றின் கரையில் இருந்த தூரா யூரோப்போஸ் நகரில், 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு சாதாரண வீடு சபை கூடும் இடமாக மாற்றப்பட்டது. இரு அறைகளுக்கு இடையே இருந்த சுவரை அகற்றிக் கூடமாக்கினர். சிறிய அறை ஒன்றில் திருமுழுக்குத் தொட்டி அமைத்தனர். 256ஆம் ஆண்டளவில் அந்நகர் பாரசீகரிடம் வீழ்ந்து மண்ணில் புதைந்தமையால் அவ்வீடு நமக்குக் கிடைத்தது. வெளியே அது அக்கம்பக்கத்து வீடுகளைப் போலவே இருந்தது. உள்ளே, கூடுகிறவர்களின் எண்ணிக்கைக்கும் செயலுக்கும் ஏற்பச் சுவர் விலகியது. ஆட்கள் சுவருக்குள் ஒடுங்கவில்லை. சுவர் அவர்களுக்கு வழிவிட்டது.

கட்டடத்தின் அழகு அதன் நீதியை மூடிமறைக்க இயலாது என்பதை எரேமியாவின் 22ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. அயலானிடம் கூலியின்றி வேலை வாங்கி, விசாலமான மேலறைகளும் பலகணிகளும் கொண்ட மாளிகையை எழுப்பிய யோயாக்கீம் அரசனைத் தீர்க்கர் அங்கே கண்டிக்கிறார். எருசலேமுக்குத் தெற்கே ராமாத் ராகேலில் அகழ்வாய்வு செய்த அகரோனி, அங்குக் கிடைத்த அரண்மனை அம்மன்னனுடையது எனக் கருதினார். பலகணிகளின் அடியில் அமைந்திருந்த அழகிய கல் தூண்வரிசையின் பகுதிகள் அங்கே கிடைத்தன. அத்தூண்கள் வேலைப்பாடு மிக்கவை. ஆயினும் தீர்க்கர் பார்த்தது தூணையன்று, கூலி கொடுக்கப்படாத கையை.

இவற்றிலிருந்து நாம் பெறும் அளவுகோல் இதுவே. ஒரு கட்டடத்தைப் புதுப் பயனுக்குத் திருப்பும்போது மூன்று வினாக்களைக் கேட்கவேண்டும். இவ்வறை முதலில் எவருக்காக அளக்கப்பட்டது? இனி எவர் இதில் வாழப்போகிறார்? முன்னவருக்குக் கிடைத்த காற்றும் வெளிச்சமும் நீரும் பின்னவருக்கும் கிடைக்குமா? மூன்றாம் வினாவுக்கு ‘ஆம்’ என்னும் விடை இருந்தாலன்றி, நிகழ்வது மறுவாழ்வன்று, இடமாற்றம் மட்டுமே.

8. இன்றைய திருப்பெரும்புதூர்

இவ்வளவுகோலைத் தொழிற்பேட்டைப் பகுதிக்குப் பொருத்திப் பார்ப்போம். 2021ஆம் ஆண்டு டிசம்பரில், இப்பகுதியின் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய தோழியர் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடியபோதுதான், ஒரே அறையில் எத்தனை பேர் தரையில் உறங்கினர் என்பதை நாடு கேட்டறிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய விடுதி வளாகம், ஏறக்குறைய 706 கோடி ரூபாய்ச் செலவில் கட்டப்பட்டுத் திறக்கப்பட்டது. தொழிலாளர் உறைவிடம் என்பது தொழிற்சாலைக்கு அப்பாற்பட்ட செய்தியன்று என்ற உணர்வு அரசிடம் எழுந்துள்ளமைக்கு இது அடையாளமாகும். எனினும், இன்னும் மிகப் பலர் மாற்றப்பட்ட வீடுகளிலும் மண்டபங்களிலும் மாடிகளிலுமே தங்குகின்றனர்.

நம் சேகரங்களுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. நம்மிடம் பழைய குருமனைகளும் மிஷன் பங்களாக்களும் பள்ளிக் கட்டடங்களும் உள்ளன. விடுதிக்கென வாடகைக்குக் கேட்போர் வருகின்றனர். சபையின் நிதி நிலையும் நம்மை அவ்வழியில் தள்ளுகிறது. வாடகைக்கு விடுவது தவறென நாம் கூறவில்லை. ஆனால் சிலவற்றை முன்னரே உறுதிசெய்யவேண்டும். ஒருவருக்கென இருந்த அறையில் எட்டுப் பேரை அடைத்து, தாழ்வாரத்தையும் பலகையால் மூடி அறையாக்கும்போது, அவ்வீட்டை வாழத்தக்கதாக்கிய காற்றோட்டத்தையே அழித்துவிடுகிறோம். கழிப்பறையும் குளியலறையும் தங்குவோர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருகவேண்டும். மாடியிலிருந்து இறங்க இரண்டாம் படிக்கட்டு வேண்டும். இலண்டன் நகரத்தார் பெருந்தீக்குப் பின் கற்றதை நாம் தீக்கு முன்பே கற்பது நலம்.

கட்டடத்தைப் பழுதுபார்ப்பதிலும் கவனம் தேவை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டுப் பூச்சு பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல் உதிரத் தொடங்கும்; பூச்சும் பெயர்ந்து விழும். பழைய சுவருக்குச் சுண்ணாம்புக் காரையே மருந்து. அவ்வாறே, கூடத்தைப் பெரிதாக்கச் சுவரை இடிக்குமுன் தேர்ந்த பொறியாளரைக் கேட்கவேண்டும். பழைய வீடுகளில் பெரும்பாலும் சுவரே தளத்தின் முழுப் பாரத்தையும் தாங்குகிறது; இன்றைய வீடுகளில் உள்ளதுபோலத் தனித் தூண்கள் அங்கு இல்லை. மெட்ராஸ் டெரஸ் தளத்தின்மேல் பெரிய நீர்த்தொட்டியை ஏற்றுவதும், தட்டோட்டின் விரிசலைக் கவனியாமல் விடுவதும் தேக்கு உத்திரத்தின் முனையை உளுத்துப்போகச் செய்யும். இவற்றைச் செய்யத் தெரிந்த கொத்தர்கள் குறைந்துவருகின்றனர். அவர்களைக் கொண்டு இளைஞர்களைப் பழக்குவதும் ஓர் ஊழியமே.

9. முடிவுரை

டவ்டன் இல்லத்தைக் கட்டியவர் கல்லூரியை நினைத்துக் கட்டவில்லை. அம்மாளிகைகளை எழுப்பிய செல்வம் தூய்மையான ஊற்றிலிருந்து வந்ததென்றும் நாம் கூற இயலாது. செங்கல்பட்டுச் சீமையின் வயல்களில் விளைந்தது எவ்வாறு ஆற்றங்கரை மாளிகைகளாயிற்று என்பதை மறைத்து, தூண்களின் அழகை மட்டும் போற்றுவது வரலாறாகாது. அதேபோல, அச்செல்வத்தின் கறையைக் காரணங்காட்டி அக்கட்டடங்களை இடிந்துபோக விடுவதும் நீதியாகாது. அவற்றில் கொத்தர்களின் திறனும், தளம் தட்டிய பெண்களின் உழைப்பும் உறைந்துள்ளன. அவர்கள் விட்டுச்சென்ற கையெழுத்து அது ஒன்றே.

அம்மாளிகையின் உயர்ந்த கூடங்களை இந்நாட்டுப் பெண்களின் கல்விக்குத் திறந்து, குறைந்தது ஒரு சிறு பகுதியையேனும் அதற்கு உரியவர்களிடம் திருப்பித் தந்தனர் 1916ஆம் ஆண்டினர். அவ்வுரியவர்களின் கொள்ளுப்பேத்திகள் இன்று திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இரவுப்பணி முடித்து விடுதிகளுக்குத் திரும்புகின்றனர். அவர்கள் உறங்கும் அறைக்கு எத்தனை சன்னல்கள் என்று எண்ணிப் பார்ப்பது, அப்பகுதியில் பணியாற்றும் ஒவ்வொரு போதகரும் தம் அடுத்த சந்திப்பின்போதே தொடங்கக்கூடிய பணியாகும்.